தொரப்பள்ளிக்காரர் கென்னடியைச் சந்தித்த கதை

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டது நினைவிருக்கும். அப்போது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பன், "ஒரே ஒரு அணுகுண்டு போட்டா மேட்டர் முடிஞ்சுது" என்று எழுதினான். முப்பது பேர் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கட்டைவிரலை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். மே 10ந் தேதி சண்டை நின்றது, எல்லாரும் பழையபடி ஐபிஎல் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கட்டைவிரல் உறுத்திக்கொண்டே இருந்தது.

காரணம், எங்கள் ஊரிலிருந்து டூவீலரில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாத ஒரு கிராமத்தில் பிறந்த ஒரு மனிதர், தன் 83வது வயதில், அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக அமெரிக்க ஜனாதிபதி வரைக்கும் போனவர். தொரப்பள்ளி ராஜாஜிதான் அவர். ஓசூரில் சிப்காட்டும் டூவீலர் கம்பெனியும் வாட்ச் கம்பெனியும் தெரிந்த அளவுக்கு இந்தக் கதை யாருக்கும் தெரியாது. எனக்கும் சமீபத்தில்தான் தெரியும்.

இந்தக் கட்டுரையில் நான் பார்க்க நினைப்பது இதுதான். ஒரு தலைவரின் சொந்த நம்பிக்கை ஒரு நாட்டின் வெளியுறவு முடிவை எவ்வளவு தூரம் மாற்றும்? "நம் நாடு இப்படிப்பட்ட நாடு" என்று நாட்டுக்கென்று ஒரு வேடம் இருக்கிறதே, அது அந்தத் தலைவரை எவ்வளவு தூரம் கட்டிப்போடும்? இந்தியாவின் அணுகுண்டுக் கதையைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நம்பிக்கையும் வேடமும்

நான் படிப்பது பி.காம். அதனால் எனக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கம்பெனியின் மேனேஜிங் டைரக்டருக்கு சொந்தமாக ஆயிரம் கொள்கைகள் இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போடும்போது கம்பெனியின் பெயரில்தான் போடுகிறார். கம்பெனியின் சாசனம், பங்குதாரர்கள், கடன் கொடுத்த பேங்க், சந்தையில் அதற்கு இருக்கும் பெயர் எல்லாம் சேர்ந்து அவர் பேனாவைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக எம்.டி. யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. ஆள் மாறினால் கம்பெனியின் போக்கு மாறுவதை நாமே பார்க்கிறோம்.

நாடுகளும் ஏறக்குறைய இப்படித்தான். கே.ஜே. ஹோல்ஸ்டி என்ற கனடா நாட்டுப் பேராசிரியர் 1970ல் இதைப்பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1960களில் பல நாட்டுத் தலைவர்களின் பேச்சுக்களைச் சேகரித்து, ஒவ்வொருவரும் தன் நாட்டை என்னவாகப் பார்க்கிறார்கள் என்று வகைப்படுத்தினார். மத்தியஸ்தர், விடுதலைக்குத் துணை நிற்பவர், பிராந்தியத் தலைவர், நம்பகமான கூட்டாளி என்று மொத்தம் 17 வேடங்கள் வந்தன. ஒரே நாடு பல வேடங்களை ஒரே நேரத்தில் போடும் என்பதும் அதில் தெரிந்தது.

இந்தியாவுக்கும் சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வேடங்கள் இருந்தன. ஒன்று, காந்தி பிறந்த நாடு, சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் நின்று சமாதானம் பேசும் நாடு. இன்னொன்று, இருநூறு வருடம் அடிமையாக இருந்து எழுந்த நாடு, இனி யாருக்கும் கீழே நிற்காத நாடு. இரண்டும் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அணுகுண்டு விஷயத்தில் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன.

பசிபிக்கில் விழுந்த சாம்பல்

1954 மார்ச் 1ந் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. கணக்குப் போட்டதைவிட மிகப் பெரிதாக வெடித்தது அது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழை போல விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார்.

அடுத்த மாதமே, 1954 ஏப்ரல் 2ந் தேதி, நேரு மக்களவையில் எழுந்து, ஆயுத ஒழிப்பு நடக்கும்போது நடக்கட்டும், முதலில் இந்தச் சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று யோசனை சொன்னார். அணு சோதனைத் தடை என்ற கருத்தை முதலில் எழுப்பிய அரசுத் தலைவர்களில் நேருவும் ஒருவர். அவருடைய நம்பிக்கையும், இந்தியா போட்டிருந்த சமாதான வேடமும் இங்கே ஒன்றாகப் பொருந்தின. அதனால் தயக்கமில்லாமல் பேச முடிந்தது.

ராஜாஜிக்கும் இந்த விஷயத்தில் அதே கோபம்தான். அவர் ஒரு படி மேலே போனார். வல்லரசுகள் பேசிப் பேசி ஒப்பந்தத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம், யாராவது ஒருவர் தானாக முன்வந்து ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், அதற்கு அமெரிக்காவுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்பது அவர் வாதம். 1950களின் நடுவிலிருந்தே இதை எழுதியும் பேசியும் வந்தார்.

இது ஏதோ வயதான காலத்தில் வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். ராஜாஜியின் வாழ்க்கையில் இந்தக் குணம் திரும்பத் திரும்ப வருகிறது. எதிராளியும் நம்மைப் போலவே பயந்துதான் போயிருக்கிறான், முதலில் நாம் ஏதாவது கொடுத்தால் அவன் பயம் தெளியும் என்பது அவர் கணக்கு. 1942ல் காங்கிரஸ் முழுவதும் வெள்ளையனே வெளியேறு என்றபோது, முஸ்லிம் லீக்கோடு பேசித் தீர்க்காமல் பிரயோசனமில்லை என்று தனியாகப் பிரிந்து நின்றார். 1944ல் ஜின்னாவோடு சமரசத்துக்கு அவர் தயாரித்த திட்டத்துக்கு ராஜாஜி திட்டம் என்றே பெயர். 1964ல் சிறையிலிருந்து விடுதலையான ஷேக் அப்துல்லா காஷ்மீர் பிரச்சினையைத் தீர்க்க வழி தேடியபோது, மே மாதம் சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் பாகிஸ்தானுக்குப் போனார். அவர் அங்கே இருந்தபோதே, மே 27ந் தேதி, நேரு இறந்துவிட்டார். அந்த முயற்சியும் அதோடு போயிற்று.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜாஜி செய்த எல்லாவற்றுக்கும் நான் வக்கீல் இல்லை. 1937ல் அமைந்த அவரது ஆட்சி கொண்டுவந்த கட்டாய இந்தியும், 1953ல் கொண்டுவந்த கல்வித் திட்டமும் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பின என்பது எனக்குப் புரிகிறது. அந்த எதிர்ப்பு நியாயம் என்றும் நினைக்கிறேன். ஆனால் ஒருவரை ஒரு விஷயத்தில் மறுத்தால் எல்லாவற்றிலும் மறந்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

1962 செப்டம்பர், வாஷிங்டன்

1961 செப்டம்பரில் சோவியத் யூனியன் நிறுத்தி வைத்திருந்த சோதனைகளைத் திரும்பத் தொடங்கியது. அக்டோபர் 30ந் தேதி 50 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. மனிதன் இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டு அதுதான். அமெரிக்கா 1962 ஏப்ரலில் பசிபிக்கில் பதில் வரிசையைத் தொடங்கியது.

1962 ஜூனில் டெல்லியில் காந்தி அமைதி நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக ஒரு தூதுக்குழு அமெரிக்கா போனது. ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பத்திரிகையாளர் பி. சிவராவ் ஆகிய மூன்று பேர். 1962 செப்டம்பர் 28ந் தேதி வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 45 வயது ஜனாதிபதி, உலகத்தை அழிக்கும் பொத்தான் அவர் கையில். எதிரில் வேட்டி கட்டிய 83 வயதுக் கிழவர். அவர் கையில் பதவி கிடையாது. கவர்னர் ஜெனரலாக இருந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு 1959லேயே சுதந்திராக் கட்சியைத் தொடங்கி நேருவின் பெரிய எதிரியாக ஆகியிருந்தார். அதாவது சொந்த அரசாங்கத்தின் பிரதிநிதியாகக்கூட அவர் போகவில்லை. இருந்தும் சந்திப்பு குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. பெரியவரின் பேச்சு கென்னடியைக் கவர்ந்தது என்றே பதிவுகள் சொல்கின்றன.

சரி, இதனால் என்ன நடந்தது? நேர்மையாகச் சொன்னால், உடனடியாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்க சோதனைகள் அந்த இலையுதிர் காலத்திலும் தொடர்ந்தன. மூன்று வாரம் கழித்து கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. உலகம் அணு யுத்தத்தின் விளிம்புக்கே போய் அக்டோபர் 28ந் தேதி திரும்பி வந்தது. அந்தப் பயத்துக்குப் பிறகுதான் கென்னடியும் குருஷ்சேவும் நிஜமாகவே பேச ஆரம்பித்தார்கள். 1963 ஆகஸ்டு 5ந் தேதி மாஸ்கோவில் பகுதி சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. வான்வெளியிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது, பூமிக்கு அடியில் மட்டும் செய்யலாம் என்றது அது. சில நாட்களிலேயே இந்தியாவும் கையெழுத்துப் போட்டது.

ராஜாஜி போனதால்தான் ஒப்பந்தம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது ஊர்ப்பாசத்தில் விடும் கதையாகிவிடும். கென்னடி அதற்கு முன்பே சோதனைத் தடையை விரும்பியவர்தான். அவருடைய விருப்பத்தை நாட்டின் முடிவாக மாற்றியது கியூபா கொடுத்த பயம். கம்யூனிசத்தை எதிர்த்து நிற்கும் உலகத் தலைவன் என்ற வேடத்தை அமெரிக்கா போட்டிருந்த வரையில், முதலில் இறங்கி வருவது கோழைத்தனமாகத் தெரிந்தது. நெருக்கடிக்குப் பிறகு அதுவே பொறுப்புள்ள தலைவன் செய்யும் வேலையாகத் தெரிந்தது. ராஜாஜி போன்றவர்கள் செய்தது, அந்த நேரம் வரும்போது எடுத்துக்கொள்ள ஒரு யோசனையைத் தயாராக வைத்திருந்தது. அது சின்ன வேலை இல்லை.

அதே அக்டோபரில் நமக்கு விழுந்த அடி

கியூபா நெருக்கடி நடந்துகொண்டிருந்த அதே வாரம், 1962 அக்டோபர் 20ந் தேதி, சீனா இமயமலையில் தாக்கியது. ஒரு மாதத்தில் நம் ராணுவம் தோற்றது. பஞ்சசீலத்தை 1954ல் சீனாவோடு சேர்ந்து எழுதியவர் நேரு. ஆசியாவின் இரண்டு பழைய நாகரிகங்கள் சண்டை போட்டுக்கொள்ளாது என்ற அவர் நம்பிக்கை பலத்த அடி வாங்கியது.

1964 அக்டோபர் 16ந் தேதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அப்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. காந்தியவாதி, குண்டை மனதாரப் பிடிக்காதவர். ஜனசங்கம் குண்டு வேண்டும் என்றது. காங்கிரசுக்கு உள்ளேயே பலர் கேட்டார்கள். சுதந்திராக் கட்சி, குண்டு வேண்டாம், மேற்கு நாடுகளோடு பாதுகாப்பு உறவு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அணிசேரா நாடு என்ற வேடம் அதற்கு இடம் தரவில்லை. 1965 ஜனவரியில் துர்காபூர் காங்கிரஸ் மாநாட்டிலும் சாஸ்திரி குண்டு செய்ய மறுத்து நின்றார். ஆனால் முழுக் கதவையும் அவரால் சாத்த முடியவில்லை. அணுவல்லரசுகளிடம் பாதுகாப்பு உத்தரவாதம் தேடினார், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில், அமைதிப் பணிகளுக்காக நிலத்தடியில் வெடிக்கும் தொழில்நுட்பத்தை ஆராயலாம் என்று ஹோமி பாபாவுக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த 'அமைதிப் பணி' என்ற சொல்லைப் பாருங்கள். நம்பிக்கைக்கும் நிர்ப்பந்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் கண்டுபிடித்த சந்து அது. 1966 ஜனவரி 11ல் சாஸ்திரியும், ஜனவரி 24ல் விமான விபத்தில் பாபாவும் இறந்தார்கள். சந்து மட்டும் திறந்தே இருந்தது.

மூன்று பிரதமர்கள்

இந்திரா காந்தி: 1968ல் வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. 1967க்கு முன் வெடித்த ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தொடவே கூடாது என்றது ஒப்பந்தம். "யாருக்கும் கீழே நிற்காத நாடு" என்ற வேடத்துக்கு இது ஒத்துவராது. 1971 போரின்போது அமெரிக்கா தன் எண்டர்பிரைஸ் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது அந்த உணர்வை இன்னும் கூர்மையாக்கியது. 1974 மே 18ந் தேதி பொக்ரானில் நிலத்தடியில் வெடித்தார்கள். பெயர் என்ன வைத்தார்கள்? அமைதிக்கான அணு வெடிப்பு! சாஸ்திரியின் அதே சந்து. ராஜாஜி 1972 டிசம்பர் 25ந் தேதியே இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை.

மொரார்ஜி தேசாய்: எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டவர் இவர்தான். அணுகுண்டை வெறுத்தவர். பதவிக்கு வந்ததும் இனி வெடிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படியானால் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் வற்புறுத்தியபோது பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்தானே? போடவில்லை! எங்கள் எல்லா உலைகளையும் நீங்கள் வந்து சோதிப்பது என்றால் உங்கள் உலைகளையும் அப்படியே திறந்து விடுங்கள் என்ற நிலைதான். குண்டு வேண்டாம் என்றது அவருடைய நம்பிக்கை. கையெழுத்து வேண்டாம் என்றது நாட்டின் வேடம். ஒரே மனிதருக்குள் இரண்டும் தனித்தனியாக வேலை செய்ததை இவ்வளவு தெளிவாக வேறு யாரிடமும் பார்க்க முடியாது.

வாஜ்பாய்: ஜனசங்கக் காலத்திலிருந்தே அவர் கட்சி குண்டு கேட்ட கட்சி. 1995 டிசம்பரில் நரசிம்மராவ் தயார் செய்ததை அமெரிக்க செயற்கைக்கோள் பார்த்துவிட, அது நின்றுபோனது. 1998 மார்ச்சில் பதவியேற்ற வாஜ்பாய், மே 11, 13 தேதிகளில் ஐந்து வெடிப்புகளை நடத்தினார். அந்த மாதக் கடைசியிலேயே பாகிஸ்தானும் பதிலுக்கு வெடித்தது. இங்கே ஒரு முரண். இதே வாஜ்பாய் ஹிரோஷிமாவின் வேதனையைப் பற்றி இந்தியில் கவிதை எழுதியவர். கவிஞர் வாஜ்பாய் ஒரு பக்கம், பிரதமர் வாஜ்பாய் ஒரு பக்கம் என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெடித்த பிறகு, முதலில் நாங்கள் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையையும் அவர் அரசுதான் அறிவித்தது. 2003 ஜனவரியில் அது அதிகாரபூர்வமானது. குண்டு கையில் வந்த பிறகும் பழைய காந்தி நாட்டு வேடத்தின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

பொக்ரான் 1998 என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் அப்துல் கலாம் ஞாபகம் வரும். ராமேஸ்வரத்துக்காரர். அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரமும் தமிழர். குண்டு செய்ததிலும் தமிழர், குண்டை எதிர்த்து வெள்ளை மாளிகை வரை போனதிலும் தமிழர். முதல் கதை நம் எல்லாருக்கும் தெரிகிறது. இரண்டாவது தெரியவில்லை. ஏன் என்று யோசிக்க வேண்டாமா?

கணக்கைக் கூட்டினால்

1974க்கும் 1998க்கும் நடுவில் 24 வருடம். செய்யத் தெரிந்தும், ஒரு முறை வெடித்தும், மறுபடி வெடிக்காமல் இருந்தோம். பண நெருக்கடி, வெளிநாட்டு நிர்ப்பந்தம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நாற்காலியில் இருந்தவர்களின் தயக்கமும் ஒரு காரணம். வெறும் நாட்டு நலன் மட்டுமே முடிவு செய்திருந்தால், சீனா வெடித்த மறு வருடமே நாம் தொடங்கியிருக்க வேண்டும். ஆக நம்பிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. அது முடிவைத் தள்ளிப்போடுகிறது, அதன் உருவத்தை மாற்றுகிறது, சில சமயம் பெயரையாவது மாற்றுகிறது.

ஆனால் நம்பிக்கை மட்டும் போதாது என்பதும் தெரிகிறது. அது நாட்டின் வேடத்தோடு பொருந்தினால் 1954 நேரு போல தைரியமாகப் பேசலாம். மோதினால் சாஸ்திரி போல சந்து தேட வேண்டியதுதான்.

அந்த வேடத்தை யார் தைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. டெல்லியில் இருப்பவர்கள் மட்டும் தைப்பதாகத் தெரியவில்லை. இந்தியா எப்படிப்பட்ட நாடு என்று நாம் பேசிக்கொள்கிற விதத்தில்தான் அது தயாராகிறது. அடுத்த நெருக்கடியில் ஒரு பிரதமர் நிதானமாக இருக்க நினைத்தால், அவரைக் கோழை என்று கூப்பிடப் போவதும் நாம்தான், பொறுப்பானவர் என்று கூப்பிடப் போவதும் நாம்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டிய அந்த முப்பது பேரும், அறியாமலேயே அந்தத் தையல் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. சின்ன வீடு, ஓட்டுக் கூரை. ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள், பெங்களூருக்கு தினமும் போய்வருகிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். 1878ல் அங்கே ஒரு முன்சீப்பின் வீட்டில் பிறந்த பையன் எங்கிருந்து எதுவரை போனான் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் குழுவில் நான் போட்ட கட்டைவிரலைப் பிறகு எடுத்துவிட்டேன். தாமதம்தான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.